கிலோ விலையை எழுதினால் கை சுடுமா?

திருகோணமலையில் மரக்கறிக் கடைகளுக்கு முன்னால் தொங்குகிற பலகைகளைப் பாருங்கள். போஞ்சி 150. கரட் 110. பக்கத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிகிற எழுத்தில் ‘250 கிராம்’. போஞ்சி கிலோ 600 என்று எழுதினால் சனம் திரும்பிப் போய்விடும், அதுதான் காரணம். பச்சை மிளகாயும் உள்ளியும் 100 கிராம் கணக்கில். அடுத்த கடையில் அதே சாமான் அரைக் கிலோ விலையில். எதை எதோடு ஒப்பிடுவது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் விலையைக் காட்சிப்படுத்தச் சொல்கிறது. ஒப்பிடவே முடியாதபடி எழுதி வைத்துவிட்டு ‘விலை போட்டிருக்கிறோமே’ என்பது என்ன நியாயம்? விலையே போடாத கடை என்றால் அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஐந்து பேர் சாப்பிடுகிற வீட்டில் கால் கிலோ போஞ்சி யாருக்குக் காணும்? நாலால் பெருக்கி, கிலோ விலையைச் சிட்டையில் குறித்துக்கொண்டு பிறகு கையை நீட்டுங்கள்.

மீன் பக்கம் இதைவிட அநியாயம். கூறு போட்டு வைத்து ‘500 ரூபா, எடுங்கோ’ என்பார்கள். தராசில் போடச் சொன்னால் முகம் கறுக்கும். கறுக்கட்டும், போடச் சொல்லுங்கள். சாளையில் தலை, குடல், செதில் கழித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இறாலில் தலையும் கோதும் போனால் பாதிதான் மிச்சம். கிலோ 1200க்கு வாங்கிய இறால் சட்டிக்குள் விழும்போது கிலோ 2400. பாரை வாங்கினால் தலையை வெட்டுகிறவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள், ஒரு நேரச் சொதி அதில் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்தால் மீன் விலை ஏறும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நெத்தலிக் கருவாட்டை ஆனி, ஆடி வெயிலிலேயே வாங்கி, இன்னொரு தரம் காயவைத்து, கடதாசியில் சுற்றி டின்னில் அடைத்துவிட வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

‘திங்கள் இந்தக் கறி, செவ்வாய் அந்தக் கறி’ என்று அட்டவணை போடச் சொல்கிறவர்கள் மேல் வருகிற கோபம் கொஞ்சமில்லை. கறியின் பெயரை முதலில் எழுதினால் அன்றைக்கு என்ன விலையோ அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எது முதலில் பழுதாகுமோ அதிலிருந்து தொடங்குங்கள். வாங்கின அன்று மீன், மறுநாளுக்குள் கீரை, மூன்றாம் நாளுக்குள் வெண்டிக்காயும் பயிற்றங்காயும், கிழமைக் கடைசிக்குப் பூசணி, உருளைக்கிழங்கு, மைசூர்ப் பருப்பு. ஐந்து பேருக்கு 200 கிராம் பருப்பு தாராளம். வெட்டின பூசணி நடுவில் விதையும் நாரும் இருக்கிற இடத்தில்தான் முதலில் வழுவழுக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பிரிட்ஜில் வையுங்கள், நாலைந்து நாள் தாங்கும்.

தேங்காயில் நடக்கிறது பகல் கொள்ளை. சின்னனுக்கும் பெரிசுக்கும் ஒரே விலை, அதிலும் ‘தெரிஞ்செடுக்கக் கூடாது’ என்று சட்டம் வேறு. விலை ஒன்றென்றால் பாரமானதை எடுப்பது வாங்குகிறவரின் உரிமை. தண்ணீர் ஆடுகிற சத்தம் கேட்க வேண்டும், கண் மூன்றும் உலர்ந்திருக்க வேண்டும். கண்ணில் ஈரமோ பூஞ்சணமோ இருந்தால் உள்ளே அழுகல். குலுக்கிப் பார்க்க விடாத கடையில் தேங்காயை வைத்துவிட்டு வாருங்கள்.