கடைசிப் பாகத்தை ஏன் ஒளிக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வடசென்னைப் படிப்பகத்தில் நடந்ததைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசியாகிவிட்டது. நானும் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். நேற்று ராத்திரி ஒரு நண்பர், "அவர் நல்லதுக்குத்தானே சொன்னார், விடுங்களேன்" என்று எழுதியிருந்தார். விட முடியவில்லை.

வந்திருந்த விருந்தினர் சொன்னது இதுதான்: பிள்ளைகள் படிக்கிற ஒரு காலப்பயணக் கதைத் தொடரின் கடைசிப் பாகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். ஒரு பெண் அதைப் படித்துவிட்டு வந்து, எல்லோர் முன்னாலும் பேசும்போது அழுதுவிட்டாள் என்பதற்காக. "இந்த ஏரியா பிள்ளைங்களுக்கு ஏற்கெனவே ஆயிரம் கஷ்டம், சிரிக்கிற மாதிரி புக்கா குடுங்க" என்றார். கைதட்டலும் கிடைத்தது.

முடிவை முழுசாகச் சொல்லப்போவதில்லை, இன்னும் படிக்காதவர்கள் இருக்கிறார்கள். எந்தக் காலத்துக்கும் போகத் தெரிந்த அந்தப் பிள்ளைகளால் ஒரே ஒருவரை மட்டும் திரும்பக் கூட்டிவர முடியவில்லை. இத்தனை பாகமும் கூடவே ஓடிவந்த ஒருவர் பிரிந்தால் படிக்கிற பிள்ளை அழத்தான் செய்யும். அழட்டும். அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது.

எங்கள் பிள்ளைகளிடம் எந்த வருஷத்துக்குப் போவாய் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவன் 1856க்குப் போய் ராயபுரம் ஸ்டேஷனில் முதல் ரயில் கிளம்புவதைப் பார்ப்பான். ஒருத்திக்கு 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டு எண்ணெய் டாங்குகள் எரிந்ததைப் பார்க்க வேண்டும். தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்த பையனுக்கு, 1996இல் மில் மூடுவதற்கு முன்னால் ஏதாவது ஒரு நாள் போதும். காசிமேட்டுப் பிள்ளை ஒன்று இருந்தால் பேச்சு 2004க்கு வந்துவிடும். டிசம்பர் 25, சுனாமிக்கு முந்தின ராத்திரி. போய் எல்லார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும், வேறொன்றும் வேண்டாம். அந்த வருஷம் பிறந்தே இருக்காத பிள்ளைகள் சொல்வது இது.

மறுநாள் காலையில்தான் என் சித்தி மகன் போனான். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணி வாக்கில். அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரம் இருந்தும் சொல்ல ஆளில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. ஹைதராபாத்தில் அந்த மையம் 2007இல்தான் வந்தது. சித்தி இன்றைக்கும் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் பேசுவாள்.

எங்களுக்கு, அதாவது வீட்டுப் பிள்ளைகளுக்கு, அன்றைக்கு ஒரே ஒரு உத்தரவுதான். "அழாத, சித்தி பார்ப்பா." நல்லதுக்குத்தான் சொன்னார்கள். ரொம்ப வருஷம் அவன் பெயரை வீட்டில் யாரும் சொல்லவே இல்லை. போனவரைத் திரும்பக் கூட்டிவர முடியாது என்று சொல்லி, பிறகு அழவும் விடுகிற ஒரு கதை அப்போது என் கையில் கிடைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் புத்தகம் அலமாரியில் இருக்க வேண்டும்.

ரொம்பச் சின்னப் பிள்ளைகள் எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டலாம், அப்புறம் கொஞ்ச நேரம் கூட இருக்கலாம். பிள்ளைகள் மனசு தாங்காது என்கிறார்களே, அதற்குப் பதில் ஒரே சொல்தான்: தாங்கும். அந்த விருந்தினர் புத்தகம் வாங்கிக் கொடுத்தவராயிற்றே என்கிறீர்களா? நன்றி, மனசாரச் சொல்கிறேன். ஆனால் எங்கள் பிள்ளைகள் எதுவரைக்கும் படிக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை அதோடு சேர்ந்து வராது.

உண்மையில் என்னைக் குத்தியது அந்த "இந்த ஏரியா பிள்ளைங்க"தான். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்துக் கிடந்தபோது, அப்பாவின் படகிலும் வலையிலும் ஒட்டிய எண்ணெயை இந்தப் பிள்ளைகள்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது யார் வந்து அவர்கள் கண்ணைப் பொத்தினார்கள்? எங்கள் பையன்கள் கையில் கத்தியைக் கொடுத்துப் படம் எடுக்கும்போது யாருக்கும் பதற்றம் வரவில்லை. ஒரு பெண் கதை படித்து அழுதால் மட்டும் வருகிறது. இதே பெண் வேறு ஏரியாவில் அழுதிருந்தால், எவ்வளவு ஆழமாகப் படிக்கிறாள் என்று பாராட்டியிருப்பார்கள். எங்களுக்கு மட்டும் பாதிக் கதை போதும் என்று யார் முடிவு செய்தது?

கடைசிப் பாகம் அலமாரியில்தான் இருக்கிறது, இருக்கும். ஒரே பிரதி, ஏற்கெனவே அட்டை கிழிந்துவிட்டது. படிப்பகத்துக்கு ஏதாவது செய்ய நினைக்கிறவர்கள் அதையே இன்னும் இரண்டு பிரதி வாங்கி அனுப்புங்கள், கேட்டு வைத்திருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர்.