பரணில் கிடைத்த 6பி

(வசந்தா வீட்டில், சேகர் ஆபீசில். நடுவில் போன்.)

வசந்தா: என்னங்க, நம் பரணில் 6பி கிடந்தது! எத்தனை வருஷம் ஆச்சு பார்த்து!

சேகர்: 6பியா? அவர் எதற்கு நம் பரணில் ஏறினார்? பாத்ரூம் ஒழுகலைப் பார்க்க வந்தாரா?

வசந்தா: கல்யாணத்துக்கு முன்னால் ராத்திரி பகலாக என் கையிலேயே இருந்ததுங்க. இப்போது தேய்ந்து இத்தனூண்டு ஆகிவிட்டது, பாவம்.

சேகர்: சுகர் வந்ததிலிருந்தே மனிதர் மெலிந்துதான் போனார். அதற்காக ஃபிளாட் அசோசியேஷன் செக்ரெட்டரியை 'அது, இது' என்றா சொல்வது? இரு, இரு... கல்யாணத்துக்கு முன்னாலா?

வசந்தா: மூக்கு வேறு உடைந்திருந்தது.

சேகர்: பரணிலிருந்து விழுந்தால் உடையாமல்? 108-க்கு போன் பண்ணினாயா?

வசந்தா: 108 எதற்கு? பிளேடு எடுத்து நானே சீவிவிட்டேன்.

சேகர்: ஐயோ!

வசந்தா: சீவியதும் பழையபடி கறுகறுவென்று வந்துவிட்டது. பால் கணக்கு நோட்டில் இழுத்துப் பார்த்தேன். என்னமாய் வழுக்கிக்கொண்டு போகிறது!

சேகர்: செக்ரெட்டரியையா இழுத்தாய்?

வசந்தா: பென்சிலுங்க! 6பி பென்சில்! நீங்கள் எழுதுகிற ஹெச்பி கெட்டி. பி-க்கு முன்னால் எண் ஏற ஏற மிருது கூடும், கறுப்பும் கூடும். நிழலுக்கும் கூந்தலுக்கும் இதைத்தான் எடுப்போம். என் டிராயிங் ஃபைலுக்குள் இருந்தது.

சேகர்: அட, அதை முதலிலேயே சொல்லக்கூடாதா? ஃபைல் கனமா? சனிக்கிழமை பழைய பேப்பர்காரர் வருவார். அட்டைக்குத் தனி ரேட்.

வசந்தா: மகாபலிபுரத்தில் அர்ச்சுனன் தபசு முன்னால் வெயிலில் உட்கார்ந்து வரைந்ததெல்லாம் இருக்கு. கைகளைத் தூக்கி நின்று தவம் செய்யுமே பூனை, அதுவும் காலடியில் எலிகளும். ராமபாணப் பூச்சி பூனையைப் பாதி தின்றுவிட்டது. கல்லில் 1300 வருஷமாக அந்தப் பூனையிடம் மாட்டிக்கொண்டிருக்கிற எலிகள் என் தாளில் தப்பித்துவிட்டன.

சேகர்: நீ இவ்வளவு வரைவாயா? சொல்லவே இல்லையே?

வசந்தா: ஜாதகத்தோடு வந்த பயோடேட்டாவில் 'ஹையர் பாஸ்' என்று இருந்ததே!

சேகர்: அது டைப்ரைட்டிங் ஹையர் இல்லையா?

வசந்தா: டிராயிங் ஹையர். உங்கள் அம்மா சரியாகப் படித்தார்கள். "அப்போ கோலத்துக்குக் கவலையில்லை" என்றார்கள். நீங்கள் கேசரியில் முந்திரி தேடிக்கொண்டிருந்தீர்கள். வண்டி வாங்கும்போது ஸ்டெப்னி இருக்கா என்று கேட்பீர்கள், அப்புறம் டிக்கியைத் திறந்தே பார்க்க மாட்டீர்கள்.

சேகர்: நீயாவது விடாமல் வரைந்திருக்கலாமே. யார் தடுத்தார்கள்?

வசந்தா: யாரும் தடுக்கவில்லை, அதற்கு அவசியமே வரவில்லை. அரசு கவின் கலைக் கல்லூரி 1850-இல் ஆரம்பித்து, நான் பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தது. அப்பாதான் பி.காம் ஃபார்மோடு வந்து நின்றார். இங்கே வந்த பிறகும் வரைந்துகொண்டுதான் இருக்கிறேன். பையன் ரெக்கார்டில் தவளை. உங்கள் ஆபீஸ் ஆயுத பூஜைக்கு வரவேற்பு போர்டு. உங்கள் தங்கை வளைகாப்புக்கு ஆரத்தித் தட்டு. எதிலாவது என் கையெழுத்து இருக்கா? அந்தப் பூனைக்குக் கீழே மட்டும்தான் போட்டிருந்தேன். அதில் 'வச' வரைக்கும் பூச்சி தின்றுவிட்டது. 'ந்தா, ந்தா' என்று யாருக்கோ எதையோ எடுத்து நீட்டுகிற மாதிரி மிச்சம் இருக்கு.

(இந்த இடத்தில் சேகர் பக்கம் நின்று ஏதாவது எழுதலாமென்று பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.)

சேகர்: சரி, சரி. இன்றைக்கே ஆரம்பி. இப்போதெல்லாம் போனில் நாலு வார்த்தை தட்டினால் படம் வந்துவிடுகிறது. கையும் வலிக்காது.

வசந்தா: உங்களுக்குப் பதில் போன் கேசரி சாப்பிட்டால் உங்கள் வயிறு நிறையுமா?

சேகர்: கோபித்துக்கொள்ளாதே. வரும்போது புது 6பி வாங்கி வருகிறேன். ஒரு டஜன்!

வசந்தா: நிஜமாகவா? டிராயிங் ஷீட்டும் வாங்குங்கள். சுருட்டாமல் கொண்டு வாருங்கள்.

சேகர்: ஆகட்டும். அப்புறம்... பையனுக்கு நாளைக்கு 'மழைநீர் சேகரிப்பு' சார்ட் கொடுக்க வேண்டுமாம். நீதான் எப்படியும் வரையப் போகிறாயே, கையோடு கையாக...

வசந்தா: அதை 6பி சாரிடம் கொடுங்கள். நம் ஃபிளாட் மழைநீர்த் தொட்டி அவர் பொறுப்புதானே.

சேகர்: அவருக்கு வரையவெல்லாம் வராதே!

வசந்தா: முனை மழுங்கியிருந்தால் இங்கே அனுப்புங்கள். பிளேடு கையில்தான் இருக்கு.