டாக்டர் வீட்டுக் கணக்கு நோட்டு

டாக்டர் வீட்டில் பணத் தட்டுப்பாடு என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்புதான் வரும். எனக்கும் கல்யாணத்துக்கு முன்பு வந்திருக்கும். என் கணவர் சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கிறார், 14 வருடமாக அதன் கணக்கை எழுதுவது நான். அவர் நோயாளிகளைப் பார்ப்பார், நான் பில்களைப் பார்ப்பேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. பரிசோதனைக்கு ஆள் அனுப்பிக் கமிஷன் வாங்குகிற டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வக்காலத்து வாங்கவும் நான் வரவில்லை. நோயாளி சொல்வதை உட்கார்ந்து கேட்கிற டாக்டர்தான் கணக்கு நோட்டில் நஷ்டக்காரராகத் தெரிகிறார் என்பதை மட்டும் சொல்ல வந்தேன்.

கிளினிக்கின் பெரும்பாலான செலவு, நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். வாடகை, நர்ஸ் சம்பளம், ரிசப்ஷனில் இருப்பவர் சம்பளம், மின்சாரம், மருத்துவக் கழிவை எடுத்துப் போகிறவர்களுக்குக் கொடுப்பது, கருவிகளின் வருடாந்திரப் பராமரிப்பு, கம்ப்யூட்டர் மென்பொருளுக்குச் சந்தா, யாராவது வழக்குப் போட்டால் காப்பாற்றும் இன்சூரன்ஸ். இந்தக் கடைசிச் செலவு பிரசவமும் அறுவை சிகிச்சையும் பார்ப்பவர்களுக்கு இன்னும் அதிகம். அவருக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்தால் வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. சம்பளத்தோடு லீவு என்ற வார்த்தையே எங்கள் நோட்டில் கிடையாது.

தடுப்பூசி கதையைக் கேளுங்கள். முன்பணம் போட்டு வாங்கி வைக்க வேண்டும். பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். குளிர் போனாலும் கெட்டுப்போகும், சிலது உறைந்தாலும் கெட்டுப்போகும், பார்வைக்கு இரண்டும் நல்ல ஊசி மாதிரியேதான் இருக்கும். ஃப்ளூ ஊசி இன்னும் மோசம். அந்தக் கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் எந்தெந்த வகை இருக்க வேண்டும் என்று சொல்கிறது. இந்தப் பருவத்தில் மிஞ்சியதை அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ள வழியில்லை. ஒரு முறை இரவில் ஃப்ரிட்ஜ் நின்றுபோய், காலையில் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் அப்புறப்படுத்தச் சொன்னார். ‘ஒருவேளை நன்றாகத்தான் இருக்குமோ?’ என்று கேட்டேன். ‘ஒருவேளை என்று சொல்லி ஒரு குழந்தைக்கு ஊசி போட முடியுமா?’ என்றார். சரி என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.

ஆனால் பெரிய சிக்கல் ஃப்ரிட்ஜில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. 1966-இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் மேடைக் கலைகளின் வரவு செலவை ஆராய்ந்தார்கள். நான்கு பேர் சேர்ந்து வாசிக்க வேண்டிய இசைக்கு இருநூறு வருடத்துக்கு முன்பும் நான்கு பேர்தான் வேண்டும், இன்றைக்கும் அதே நேரம்தான் ஆகும். தொழிற்சாலையில் ஒருவர் செய்யும் வேலையின் அளவு பல மடங்கு கூடுகிறது, அதையொட்டிச் சம்பளங்களும் ஏறுகின்றன. கலைஞர்களுக்கும் ஏற்றிக் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் கச்சேரியை வேகமாக வாசித்து முடிக்க முடியாது. டாக்டரின் கன்சல்டேஷனும் இப்படித்தான். வயிற்றுவலி என்று வந்தவர் பத்து நிமிடம் பேசிய பிறகுதான் வேலை போன விஷயத்தைச் சொல்வார். அந்தப் பத்து நிமிடத்தை எந்தக் கருவி வந்தும் குறைக்கவில்லை.

அதற்குத் தனிக் காசும் இல்லை. போனில் ரிப்போர்ட் அனுப்பி ‘ஒரு நிமிடம் பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர்’ என்பவர்களும், ஒரு சீட்டில் இரண்டு பேருக்கு வைத்தியம் கேட்பவர்களும், சொந்தக்காரர்களும் (இவர்கள் எண்ணிக்கை வருடா வருடம் கூடுகிறது, எப்படி என்று தெரியவில்லை) நோட்டில் ஏறவே மாட்டார்கள். வலியோடு உட்கார்ந்திருப்பவரிடம் ஃபீஸ் கேட்க அவருக்குக் கூச்சம். அதனால்தான் பணத்தை ரிசப்ஷனில் வாங்கச் சொல்கிறார். திட்டு அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு விழுகிறது.

இன்சூரன்ஸ் மூலம் வரும் பணம் வேறு ரகம். வேலை இன்று, பணம் என்றைக்கோ. ஒரு எண் தவறினால் கிளெய்ம் திரும்பி வரும். அதைத் துரத்த ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு சம்பளம். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கிளெய்ம்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் சைபர் தாக்குதலில் முடங்கியபோது, நாடு முழுவதும் கிளெய்ம்கள் தேங்கிப்போயின. சிறிய கிளினிக் டாக்டர்கள் கைப்பணத்தைப் போட்டுச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் பணமும் இப்படி யாரோ ஒருவரின் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வருகிறது.

அப்புறம் மெஷின். கடனுக்கு ஒரு ஸ்கேன் மெஷின் வாங்கினால் கன்சல்டேஷன் அறைக்குள் டாக்டர், நோயாளி இருவரோடு மாதத் தவணையும் வந்து உட்கார்ந்துகொள்ளும். தலைவலி என்று வருகிறவரை அதுவும் பார்க்கும். 1963-இல் கென்னத் ஆரோ என்ற பொருளாதார அறிஞர் வைத்தியத்தின் இந்த விசித்திரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்: இங்கே வாங்குபவருக்கு என்ன வேண்டும் என்பதை விற்பவர்தான் சொல்கிறார், அதனால் நம்பிக்கை இல்லாமல் இந்தத் தொழிலே நடக்காது. நல்ல டாக்டரும் அந்த இடத்தில் தடுமாறலாம். ‘எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம்’ என்ற வாக்கியம் வைத்தியத்திலிருந்து வந்ததா, தவணையிலிருந்து வந்ததா என்று சில நாட்களில் சொன்னவருக்கே தெரியாது. நோயாளிக்கு எப்படித் தெரியும்?

எங்களிடம் அந்த மெஷின் இல்லை. வாங்கச் சொல்லாதவர்களும் இல்லை.

சமாளிக்க முடியாதவர்கள் கிளினிக்கை விற்றுவிட்டுப் போகிறார்கள். அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் கணக்குப்படி, டாக்டர்களே சொந்தமாக நடத்தும் இடங்களில் வேலை செய்தவர்கள் 2012-இல் அங்கே 60.1 சதவீதம். 2022-இல் 46.7. பெரிய மருத்துவமனைகளுக்கு விற்றவர்கள் சொன்ன காரணங்களில் முன்னால் நின்றது, இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் தனியாக நின்று நல்ல விலை பேச முடியவில்லை என்பது. விற்ற பிறகு நிம்மதியாகச் சம்பளம் வரும். அதோடு, இந்த மாதம் எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று கேட்க மேலே ஒருவரும் வருவார். இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்களும் இரண்டு முறை உட்கார்ந்து பேசியிருக்கிறோம்.

போன வாரம் ஒரு அம்மா வந்தார். மயக்கமாக வருகிறது என்றார். ஏற்கெனவே வேறு இடங்களில் எடுத்த ரிப்போர்ட்டுகள் ஒரு பை நிறைய இருந்தன. என் கணவர் 40 நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் பார்த்தால், இரண்டு டாக்டர்கள் வேறு வேறு பெயரில் எழுதிக் கொடுத்த ஒரே ரத்த அழுத்த மாத்திரையை அந்த அம்மா இரண்டு மடங்காக விழுங்கிக்கொண்டிருந்தார். ஒன்றை நிறுத்தச் சொல்லி அனுப்பினார். புதிய மருந்து இல்லை, பரிசோதனை இல்லை. வெளியே காத்திருந்தவர்களில் மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள்.

அன்று இரவு நோட்டில் அந்த அம்மா பெயருக்கு நேராக ஒரு கன்சல்டேஷன் ஃபீஸ் எழுதினேன். ‘இன்று எப்படி?’ என்று என் கணவர் கேட்டார். ‘மூன்று பேர் போய்விட்டார்கள்’ என்றேன். ‘அந்த அம்மாவை அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன், ஃபீஸ் வாங்க வேண்டாம்’ என்றார். மெஷின் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன விலைப் பட்டியல் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. சலுகை இந்த மாதக் கடைசி வரைக்குமாம்.