மதிப்பெண் அட்டவணையில் இல்லாத பிள்ளைகள்

ஜனவரி பிறந்துவிட்டால் நியூயார்க் தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான்: சார்ட்டர் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டாயிற்றா? ஏப்ரல் 1 கடைசி நாள். பிளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசைக்குக் காத்திருக்கும் நேரத்திலும் இதே பேச்சு. அடுத்த கேள்வி உடனே வந்து விழும்: "மாநிலத் தேர்வில் எத்தனை சதவீதம் அக்கா?" என் மகனும் வரும் செப்டம்பரில் கிண்டர்கார்ட்டன் போகிறான். எனவே இந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டிலும் இதே ஆராய்ச்சி. பார்த்தவரையில் என் கருத்து இதுதான்: சதவீதத்தைக் கடைசியில் கேளுங்கள். மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஏழாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று முதலில் கேளுங்கள்.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். சார்ட்டர் பள்ளி அரசுப் பணத்தில் நடக்கிறது. நிர்வாகம் மட்டும் ஒரு தனி அறக்கட்டளைக் குழுவிடம். கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது. 1991இல் மினசோட்டா முதலில் சட்டம் போட்டது, நியூயார்க் 1998இல். அனுமதி ஐந்தாண்டுக்கு, சரியாக நடத்தாவிட்டால் புதுப்பிக்காமல் மூடிவிடலாம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். நம் ஊரில் கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.இ.) 25 சதவீத இடத்துக்கு நடப்பதைப் போலத்தான். ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளையின் தம்பி தங்கைக்கும், அந்தப் பள்ளி மாவட்டத்தில் குடியிருப்பவர்களுக்கும் முன்னுரிமை உண்டு.

"குலுக்கல்தானே, வடிகட்ட வழியே இல்லையே" என்று சார்ட்டர் ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். உள்ளே நுழையும்போது வழியில்லைதான். உள்ளே போன பிறகு?

தமிழ்நாட்டில் படித்த நமக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பேருந்து நிலையம் எதிரே "நூறு சதவீதத் தேர்ச்சி" என்று பேனர் கட்டும் பள்ளிகளில் சில, ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் யார் யார் பெற்றோரைக் கூப்பிட்டு "உங்கள் பிள்ளைக்கு இந்த இடம் ஒத்துவராது, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொன்னார்கள் என்பது தெருவுக்கே தெரியும். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்களில் நூறு சதவீதம் என்பது பொய்யில்லை. எழுத விடப்பட்டவர்கள் யார் என்பதுதான் விஷயம். இங்கே வந்து டாலரில் சம்பளம் வாங்கத் தொடங்கியதும் இந்த அறிவு நமக்கு எப்படி மறந்துபோகிறதோ தெரியவில்லை.

நியூயார்க்கின் மிகப் பெரிய சார்ட்டர் அமைப்பான சக்சஸ் அகாடமியையே எடுத்துக்கொள்வோம். 2006இல் ஹார்லெமில் தொடங்கியது. மாநிலத் தேர்வில் பணக்காரப் புறநகர்ப் பள்ளிகளையும் முந்துகிறது. பிள்ளைகளோ பெரும்பாலும் ஏழைக் கறுப்பின, லத்தீன் குடும்பத்தினர். சாதாரணச் சாதனை இல்லை. ஆனால் 2018இல் பள்ளி இறுதி முடித்து வெளியே வந்த அதன் முதல் அணியில் 16 பேர். 2006இல் முதல் வகுப்பில் தொடங்கியவர்கள் 73 பேர். 2015இல் புரூக்ளினில் உள்ள அதன் ஒரு கிளையில் "போயாக வேண்டியவர்கள்" என்று தலைப்பிட்டு 16 பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் வைத்திருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அவர்களில் ஒன்பது பேர் பிறகு போயும்விட்டார்கள். அது ஒரு கிளையின் தவறு, எங்கள் கொள்கையல்ல என்றது நிர்வாகம்.

இதைப் படித்துவிட்டு "சார்ட்டர் என்றாலே துரத்திவிடுவார்கள்" என்று முடிவு கட்டினால் அதுவும் சரியாகாது. இந்த நகரத்தில் வாடகை ஏறினால் குடும்பம் மாறும். எல்லாப் பள்ளியிலிருந்தும் பிள்ளைகள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். நகரின் தன்னாட்சி நிதி ஆய்வு அலுவலகம் 2014இல் கணக்குப் பார்த்தபோது, சராசரியாக சார்ட்டர் பிள்ளைகள் அதே பள்ளியில் தங்குவதுதான் அதிகம் என்று தெரியவந்தது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. தெருமுனை அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளை போனால், அந்த நாற்காலியில் நேற்று ஈக்வடாரிலிருந்து வந்திறங்கிய, ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாத பிள்ளை பிப்ரவரி மாதத்தில் வந்து உட்காரும். அந்தப் பள்ளி மறுக்க முடியாது. சார்ட்டர் பள்ளிகளில் சில, குறிப்பிட்ட வகுப்புக்கு மேல் காலியிடத்தை நிரப்புவதே இல்லை. சக்சஸ் அகாடமிக்குப் பல ஆண்டுகள் அந்த எல்லை நான்காம் வகுப்பாக இருந்தது. எல்லைக்குப் பிறகு வரும் மதிப்பெண் எல்லாம் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களின் மதிப்பெண். அதைப் பக்கத்து அரசுப் பள்ளியின் மதிப்பெண்ணோடு ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

ஒவ்வொரு பள்ளியிலும் வகுப்புவாரியாக எத்தனை பேர் என்பது மாநிலக் கல்வித் துறை இணையதளத்தில் ஆண்டுவாரியாகக் கிடைக்கிறது. ஐந்து ஆண்டு எண்ணிக்கையைத் தாளில் எழுதி, ஒரே அணியைக் குறுக்காகப் பின்தொடருங்கள். இந்த ஆண்டு மூன்றாவது, அடுத்த ஆண்டு நான்காவது என்று. விளம்பரக் கையேட்டில் எழுதாதது எல்லாம் அதில் தெரியும்.

ஆய்வுகள் சார்ட்டருக்குச் சாதகமாகவும் பேசுகின்றன, மறைக்கக் கூடாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரீடோ கல்வி ஆய்வு மையம் 2015இல் 41 நகர்ப் பகுதிகளை ஆராய்ந்து, நகர்ப்புற சார்ட்டர் பிள்ளைகள் கணிதத்தில் ஆண்டுக்கு 40 நாள், வாசிப்பில் 28 நாள் கூடுதலாகப் படித்ததற்குச் சமமான முன்னேற்றம் காண்கிறார்கள் என்றது. அதைவிட எனக்குப் பிடித்தது பாஸ்டன் ஆய்வு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா ஆங்கிரிஸ்டும் சகாக்களும் குலுக்கலில் வென்றவர்களையும் தோற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்பும் விண்ணப்பித்த குடும்பங்கள்தான். அதிர்ஷ்டம் மட்டும்தான் வேறு. வென்றவர்களின் கணித மதிப்பெண் நன்றாகவே உயர்ந்தது. ஆனால் கூட்டம் அலைமோதும் பள்ளியில்தான் குலுக்கலே நடக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். யாரும் தேடிப் போகாத சார்ட்டர் பள்ளியைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லாது.

பள்ளி அறிமுக நாளுக்குக் கட்டாயம் போங்கள். நான் பார்த்த ஒரு பள்ளியில் நடைபாதைத் தரையில் நீல நிற டேப் ஒட்டியிருந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் கைகளைப் பின்னால் கட்டி, அந்தக் கோட்டின் மேலேயே வாய் திறக்காமல் நடந்தார்கள். வகுப்பறைக் கதவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர். உள்ளே சுவரில் பிள்ளைகளின் நடத்தையைக் காட்டும் ஒரு நீளமான அட்டை; மேலே பச்சை, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு. ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் துணிக் கிளிப் ஒன்றில் எழுதி அதில் மாட்டியிருந்தது. சிவப்பில் ஒரே ஒரு கிளிப். எங்களைச் சுற்றிக் காட்டிய அலுவலர் பேசிக்கொண்டே அதை மறைத்தபடி நின்றுகொண்டார். பெயர் யாருடையதோ, அந்தப் பிள்ளை அன்றைக்கு முழுக்க அதைப் பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கும்.

என்னோடு வந்த பெற்றோரில் பலருக்கு அந்த ஒழுங்கு பிடித்துப்போயிற்று. காரணம் புரிகிறது. பாதுகாப்பில்லாத பள்ளியில் மூத்த பிள்ளையைப் படிக்கவைத்துச் சூடுபட்ட தாய்க்கு அமைதியான நடைபாதை பெரிய வரம். பாஸ்டனில் மதிப்பெண்ணை உயர்த்தியதும் பெரும்பாலும் இந்த வகைக் கண்டிப்பான பள்ளிகள்தான். எனவே "நல்ல பள்ளியா?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது, "என் பிள்ளைக்கு" என்பதைச் சேர்த்தால்தான் பதில் வரும். சொன்னதைக் கேட்டு உட்காரும் பிள்ளைக்கு அந்த இடம் பெரிய ஏணியாகலாம். என் மகன் உட்காரும் ரகமில்லை. சாப்பிடும்போதே மூன்று முறை எழுந்து ஓடுவான். மூன்றாம் வாரமே அந்தக் கிளிப் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளையுள்ளவர்கள் இன்னும் நேராகக் கேளுங்கள்: பிள்ளைக்கென்று வகுத்த தனிக் கல்வித் திட்டத்தில் எழுதியுள்ள பேச்சுப் பயிற்சியைத் தர ஆள் இந்தக் கட்டடத்திலேயே இருக்கிறாரா? சென்ற ஆண்டு எத்தனை பேரை இடைநீக்கம் செய்தீர்கள்? ஒரு பள்ளியில் இதைக் கேட்டதும் "எங்களிடம் எல்லோருக்கும் உயர்ந்த எதிர்பார்ப்பு" என்று பதில் வந்தது. இது பதிலே இல்லை. ஆசிரியர்களில் எத்தனை பேர் மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்; இருபத்து நான்கு வயது முகங்களாகவே தெரிந்தால் காரணம் இருக்கும். நிர்வாகக் குழுக் கூட்டம் சட்டப்படி பொதுமக்களுக்குத் திறந்தது. போய் உட்காருங்கள். ஐந்தாண்டுப் புதுப்பிப்பு அறிக்கையும் பொது ஆவணம்தான். அதில் ஆய்வாளர்கள் மென்மையான மொழியில் எழுதியிருப்பதைப் பொறுமையாகப் படித்தால் பாதி விஷயம் விளங்கும்.

கடைசியில் நாங்கள் ஒரே ஒரு சார்ட்டர் பள்ளிக்குத்தான் போட்டிருக்கிறோம். மதிப்பெண்ணில் நடுத்தரம். ஆனால் எட்டாம் வகுப்புவரை காலியிடத்தை நிரப்புகிறார்கள். ஏழாம் வகுப்பில் மூன்றாம் வகுப்பில் இருந்த அளவுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரிய பெயருள்ள பள்ளியை விட்டுவிட்டேன் என்று என் கணவருக்கு இன்னும் மனத்தாங்கல். மாமியார் சேலத்திலிருந்து தொலைபேசியில் "முதல் ரேங்க் பள்ளியை ஏன் விட்டாய்?" என்கிறார். குலுக்கலில் விழாவிட்டால் தெருமுனை அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே கிண்டர்கார்ட்டன் ஆசிரியை பல ஆண்டாக அதே அறையில் பாடம் நடத்துகிறார். பெயர் எதுவும் கேட்காதீர்கள், தனிச் செய்தியிலும் சொல்ல மாட்டேன். உங்கள் பேட்டையில் உள்ள பள்ளியின் வகுப்பு எண்ணிக்கையை எப்படி எடுப்பது என்று தெரியாவிட்டால் மட்டும் கேளுங்கள், காட்டுகிறேன்.