எல்லாருக்கும் ஒரே மார்க்கா?

மேல்நிலைப் பசங்க தாங்களே எழுதி நடிக்கிற குழு நாடகத்துக்கு மார்க் போடுற லட்சணத்தைப் பார்த்தா வயிறு எரியுது. குழு மொத்தத்துக்கும் ஒரே மார்க்! வசனமே இல்லாத ஒரு பொண்ணு ஓரமா நின்னு, அடுத்தவன் பேசுறதை உண்மையாவே கேட்டு, சரியான நொடியில ஒரு அடி பின்னால போறா. காட்சியே அந்த ஒரு அடியிலதான் நிக்குது. மதிப்பீட்டுத் தாள்ல அதுக்கு இடமில்லை. தொண்டை கிழியக் கத்துனவன்தான் கண்ணுல படுறான்.

அதைவிடக் கொடுமை, ஒத்திகைப் பக்கமே எட்டிப் பார்க்காம மார்க் போடுறது. சொந்த நாடகம்னா பாதி வேலை அங்கதானே நடக்குது? யோசனையை யார் கொண்டுவந்தா, ஒட்டாத காட்சியை வெட்டணும்னு யார் துணிஞ்சு சொன்னா? பசங்க எழுதுற ஒத்திகைக் குறிப்பேட்டையாவது புரட்டுங்களேன்!

மார்க் போட, நாடகத்தை எடுத்து வைக்கிற வீடியோவும் உதவாது. கேமரா பேசுறவன் முகத்தையே துரத்துது. நாடகம் முடிஞ்சதும் குறிப்பெழுத நேரம் விடாம அடுத்த குழுவைக் கூப்பிட்டுடறாங்க.

நடிக்கிற ஒவ்வொருத்தருக்கும் தனி மதிப்பீட்டுத் தாள் வைங்க. முழு மேடையும் தெரியிற மாதிரி கேமராவை அசையாம நிறுத்துங்க. அப்புறம் மார்க் போடுங்க.