பாட்டுப் போட்டவர் என்றால் அவ்வளவு இளக்காரமா?

சனிக்கிழமை இரவு செவ்வியல் இசை நிபுணர்கள் நடத்திய நேரலையைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இருபதாம் நூற்றாண்டு ஸ்பானிய இசையைப் பற்றி அத்தனை நேரம் பேசிவிட்டு, ஸ்பானிய இசையமைப்பாளர் பாப்லோ சொரோசாபலைப் பற்றி ஒருவர் கேட்டதும், "அவர் பாட்டுப் போட்டவர், அவரை எதற்கு இங்கே இழுக்கிறீர்கள்" என்று சிரித்தபடி கடந்து போனதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நான் பொறுமையாக எழுதிய நீண்ட பதிலுக்குக் கிடைத்ததும் ஒரு சிரிப்புப் பொம்மைதான். நல்லது. பெரியவர்கள் சிரிக்கட்டும்.

பாட்டுப் போட்டவர் என்பது உண்மைதான். அதை யார் மறுத்தார்கள்? 1897-இல் வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள சான் செபாஸ்தியானில் ஓர் எளிய பாஸ்க் குடும்பத்தில் பிறந்து, சிறுவனாக அந்த ஊரின் புகழ்பெற்ற சேர்ந்திசைக் குழுவில் பாடி, வயலின் கற்று, மாட்ரிட் பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் வாசிக்கப் போய், 1920-இல் ஊர் நகராட்சி கொடுத்த உதவித்தொகையில் ஜெர்மனியின் லைப்சிக்குக்கும் பிறகு பெர்லினுக்கும் சென்று படித்தவர் அவர். பாஸ்க் மெட்டு ஒன்றை எடுத்து இசைக்குழுவுக்கான மாறுபாடுகள் எழுதினார். ஜெர்மன் கவிஞர் ஹைனேயின் கவிதைகளை பாஸ்க் மொழியாக்கத்தில் இசையமைத்தார். இவ்வளவையும் முடித்த பிறகுதான் 1931-இல் பார்சலோனாவில் அவருடைய 'கத்யூஸ்கா' என்ற சார்சுவேலா மேடையேறியது. சார்சுவேலா, அதாவது வசனமும் பாட்டும் கலந்த ஸ்பானிய இசை நாடகம், வேறு வழி தெரியாதவர் ஒதுங்கிய இடம் என்று நினைப்பவர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

நான் மாட்ரிட்டில் வேலை பார்த்த காலத்தில், நாடாளுமன்றத்துக்குப் பின்புறம் ஹொவெல்யானோஸ் தெருவில் இருக்கும் சார்சுவேலா அரங்கில், மேல்மாடத்தின் மிக மலிவான இருக்கையில் அமர்ந்து அவருடைய 'லா தெல் மனோஹோ தெ ரோசாஸ்' பார்த்தேன். 1934-இல் முதன்முதலாக மேடையேறிய கதை: பூக்கடைப் பெண் ஒருத்தி, எதிரே பட்டறையில் மெக்கானிக் உடுப்பில் நிற்கும் பணக்கார வீட்டுப் பையன். இருவரும் பாடும் பாசொதோப்லே, அதாவது அணிவகுப்பு நடையில் அமைந்த ஸ்பானிய மெட்டு, தொடங்கியதும் என் பக்கத்தில் இருந்த மூதாட்டி விசிறியை மடித்து மடியில் வைத்துவிட்டு மெல்லிய குரலில் உடன்பாடத் தொடங்கினார். கணவர் முழங்கையால் இடித்தார், அவர் நிறுத்தவில்லை. சற்று நேரத்தில் கணவரும் பாடினார். அந்தப் பாட்டுக்குக் கீழே இசைக்குழு என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதை அவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். கவனிக்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. ஆனால் செவ்வியல் இசை நிபுணர் என்று பெயர் வாங்கியவர்களுக்கு அந்தக் கட்டாயம் உண்டு.

பாமரர் முணுமுணுக்கும் மெட்டு எப்படிச் செவ்வியலாகும் என்று கேட்பார்கள். ஆபரா மேதை வெர்தியின் மெட்டுகளை இத்தாலியில் தெருவெல்லாம் பாடியபோது அவர் மட்டும் எப்படித் தப்பித்தார் என்பதை அவர்களே விளக்கட்டும். 1990-இல் ரோமில் நடந்த மூன்று தெனார்கள் (உச்சக்குரல் ஆண் பாடகர்கள்) கச்சேரியில் பிளாசிதோ தொமிங்கோ பாடிய 'நோ புவேதெ செர்' பாட்டு எல்லோருக்கும் தெரியும். அது சொரோசாபலின் 1936 சார்சுவேலாவான 'லா தபெர்னேரா தெல் புவெர்தோ'வில் வருவது என்பதைச் சொல்லத்தான் ஆளில்லை. அதே நாடகத்தில் போதைப்பொருள் கடத்தப் போன காதலர்களின் படகு புயலில் சிக்கும் காட்சி இருக்கிறது. பாட்டு மட்டுமே போடத் தெரிந்தவர் அந்தக் கடலை எழுதியிருக்க முடியாது.

சிம்பொனி எத்தனை எழுதினார் என்று கேட்பார்கள். இசைக்குழுவுக்கென்று அவர் எழுதியது குறைவுதான், சரி. அதற்காக மேடைக்கு எழுதியதெல்லாம் கணக்கில் வராதா? சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியிலும் மாட்ரிட்டில் வேலை பார்த்தவர்தானே என்றும் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். வசதியான நாற்காலியில் அமர்ந்து இதைக் கேட்பது மிகவும் எளிது. உள்நாட்டுப் போரின்போது பிராங்கோவை எதிர்த்த குடியரசின் பக்கம் நின்று மாட்ரிட் நகராட்சி வாத்தியக் குழுவை நடத்தியவர் அவர். போருக்குப் பின் மாட்ரிட் பில்ஹார்மோனிக்கின் நடத்துநராக இருந்தவர், 1952-இல் சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் லெனின்கிராட் சிம்பொனியை நடத்த அனுமதி மறுக்கப்பட்டதும் பதவியை விட்டு வெளியேறினார். இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராட்டை முற்றுகையிட்ட ஜெர்மானியரோடு ஸ்பெயின் அனுப்பிய நீலப் படையும் நின்ற நினைவு அப்போது இன்னும் ஆறவில்லை; மாட்ரிட்டில், பிராங்கோ அரசின் கீழ், அதே சிம்பொனிதான் வேண்டும் என்று கேட்கத் துணிச்சல் வேண்டும். பெரிய மேதைகள் எத்தனை பேர் ஒரு சிம்பொனிக்காகச் சம்பளத்தை விட்டார்கள் என்று கேட்டால் நான் வம்புக்காரன் ஆகிவிடுவேன். ஏற்கெனவே ஆகிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

கூடவே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓர் இசையமைப்பாளரை ஒதுக்க அவருடைய இசையைக் கேட்டிருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச நாகரிகம்கூட நம்மிடையே இல்லாமல் போய்விட்டது. அவருடைய 'ஹுவான் ஹோசே' இசை நாடகத்தைக் கேட்டீர்களா என்று அன்று நான் எழுதியதற்கு இதுவரை பதில் இல்லை. ஹோவாகின் திசெந்தாவின் 1895 நாடகத்தை எடுத்து, மாட்ரிட்டின் ஏழைக் கொத்தனார் ஒருவன் வேலையையும் காதலியையும் இழந்து கொலை வரை போகும் கதையை 1968-இல் எழுதி முடித்தார். 1979-இல் ஒத்திகை வரை வந்து அது நின்றுபோனது. 1988-இல், தொண்ணூற்றொரு வயதில், அதை மேடையில் பார்க்காமலே இறந்தார். 2009-இல்தான் சான் செபாஸ்தியானில் கச்சேரி வடிவில் ஒலித்தது. 2016-இல்தான் நாடகமாக மாட்ரிட் மேடை ஏறியது. ரசிகர்களின் கைத்தட்டலுக்காக மட்டும் எழுதியவர் என்றால் எழுபது வயதில் இவ்வளவு இருண்ட ஒன்றை எழுதி, இருபது ஆண்டுகள் காத்திருக்க அவருக்கு என்ன தலையெழுத்து? அதைக் கேட்டு முடித்துவிட்டு யாராவது வந்து அவர் வெறும் பாட்டுப் போட்டவர் என்று சொன்னால் வரிக்கு வரி விவாதிக்கத் தயாராக இருக்கிறேன். கேட்காமல் வருபவர்களுக்கு இனி நான் பதில் எழுதப் போவதில்லை.