எல்லிஸ் தீவில் யாருடைய பெயரும் மாற்றப்படவில்லை

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன விவசாயக் குடும்பங்களின் பெயர்களை, நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவு நிலையத்தின் அதிகாரிகள் வாய்க்கு வந்தபடி மாற்றி எழுதிவிட்டார்கள் என்றொரு கதை சுற்றிவருகிறது. அது தவறு.

எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892 ஜனவரி 1-ல்தான். 1850களில் நியூயார்க்கில் இறங்கிய குடும்பம் அங்கே எப்படிப் போயிருக்கும்? 1855 முதல் 1890 வரை வந்தவர்களைப் பதிந்த இடம் காசில் கார்டன்.

சரி, 1892-க்குப் பிறகு வந்தவர்கள்? பயணிகள் பட்டியல் ஹாம்பர்க், பிரேமன் போன்ற துறைமுகங்களிலேயே தயாராகிவிடும். எல்லிஸ் தீவு அதிகாரி அதை வைத்துக் கேள்வி கேட்டுச் சரிபார்த்தார், அவ்வளவுதான்.

பெயர் மாறியது பெரும்பாலும் அமெரிக்காவில் குடியேறிய பிறகு, மெதுவாக. ம்யூலர் மில்லர் ஆனார், ஷ்மிட் ஸ்மித் ஆனார். ஒரே ஆள் தேவாலயப் பதிவேட்டில் ஜெர்மன் எழுத்துக்கூட்டலோடும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கில எழுத்துக்கூட்டலோடும் இருப்பது சாதாரணம். பல நேரங்களில் அந்தக் குடும்பமே விரும்பிச் செய்த மாற்றம் அது. அதை முகம் தெரியாத ஒரு குமாஸ்தா மேல் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

முன்னோரைத் தேடுகிறவர்கள் ஹாம்பர்க் பட்டியல்களைப் பாருங்கள். 1850 முதல் இருக்கின்றன. பலவற்றில் சொந்த ஊரின் பெயரே இருக்கும். அப்புறம் அந்த ஊர் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு.